ந.முத்துசாமி: மேடையேறி பேர் வாங்காத ஒரு நடிப்பு வாத்தியார் - தெரிஞ்சவங்க வந்து பேசுங்க

பென்னாகரத்தான்
எல்லாருக்கும் வணக்கம். விஷயம் என்னன்னா எங்க சித்தி பையன் டிப்ளமோ முடிச்சுட்டு நடிக்கப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். சென்னையில ஒரு எடத்துல விசாரிச்சா மூணு மாச கோர்ஸுக்கு லட்சத்துக்கு மேல கேக்குறாங்க, அதுல போட்டோஷூட் ஃப்ரீயாம். சித்தப்பா புளி யாவாரம் பண்றவரு, அவ்ளோ பணத்துக்கு எங்க போவாரு. பையன் என்கிட்ட வந்து "அண்ணா பசுபதி, விஜய் சேதுபதி, குரு சோமசுந்தரம் எல்லாம் கூத்துப்பட்டறைன்ற நாடகக் குழுவுலருந்து வந்தவங்களாமே, அத ஆரம்பிச்சவரு யாரு, அவருகிட்ட என்ன கத்துக்கிட்டாங்க"ன்னு கேட்டான். எனக்கு முத்துசாமின்னு பேர் தெரியும், பெரிய வெள்ளை மீசை வச்ச போட்டோ தெரியும், பத்மஸ்ரீ வாங்கினவருன்னு தெரியும், அவ்ளோதான். தேடிப் படிச்சா எல்லாம் இரங்கல் கட்டுரையா இருக்கு, மாமேதைன்றாங்க, ஆளுமைன்றாங்க, க்ளாஸ்ல என்ன பண்ணாருன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நம்ம ஊர் பக்கம் நாடகம், கூத்துன்னு அலையுற ஆளுங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இந்த கூத்துப்பட்டறை பில்டப் மேலயே ஒரு டவுட் உண்டு. விஜய் சேதுபதி அங்க அக்கவுண்டன்டா வேலை பார்த்தவரு. கணக்கு எழுத வந்தவரு நடிகராயிட்டா அது வாத்தியாரோட பெருமையா, அவரோட சொந்தத் திறமையா? யாராவது ஒருத்தர் பெரிய ஸ்டார் ஆயிட்டா உடனே அவர் டீ குடிச்ச கடைக்கெல்லாம் வரலாறு எழுதுறது நம்ம வழக்கம். அதுவும் இல்லாம முத்துசாமி நடிகரே கிடையாதுன்றாங்க, எழுத்தாளர். நீச்சல் தெரியாதவரு நீச்சல் சொல்லித்தந்த கதையால்ல இருக்கு.

மாங்கூழ்_மன்னன்
ஃபாலோயிங். பாப்கார்னோட உக்காந்துட்டேன் 😄

காவேரிப்பட்டணம்_பெருசு
தம்பி ஓசூர், கேள்வி நியாயமான கேள்விதான், கோபப்பட ஒன்னும் இல்ல. தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கணும்.

ந.முத்துசாமி 1936-ல பொறந்தவரு, ஊரு புஞ்சை, அப்ப ஒன்னா இருந்த தஞ்சாவூர் ஜில்லா. சென்னைக்கு வந்து மொதல்ல சிறுகதை எழுதுனாரு. சி.சு.செல்லப்பா நடத்துன "எழுத்து"ன்ற இலக்கியப் பத்திரிகை வட்டாரத்து ஆளு. அறுபதுகளோட கடைசில நாடகம் எழுத ஆரம்பிச்சாரு, காலம் காலமாக, நாற்காலிக்காரர்னு. அப்பல்லாம் சென்னையில நாடகம்னா சபா நாடகம். நாலு சோஃபா, ஒரு டெலிபோன், வரிசையா நின்னு மைக்க பாத்து ஜோக் அடிச்சுட்டு போயிடுவாங்க. மைக்குக்கு கீழ உடம்புன்னு ஒன்னு இருக்குறதையே மறந்துட்டாங்க. இவரு எழுதுன நாடகத்துல கதையும் இருக்காது, அழுகாச்சியும் இருக்காது, பேச்சுக்கு நேர் அர்த்தம் புடிக்க முடியாது. அத நடிக்கிறதுக்கு சபா நடிகனால முடியாது, ஏன்னா அவனுக்கு வசனத்த ஏத்தி எறக்கி பேசத்தான் தெரியும்.

அந்த நேரத்துலதான், எழுபதுகள்ல, செய்யாறு பக்கம் புரிசை கிராமத்து கண்ணப்ப தம்பிரானோட கூத்த பாத்தாரு. பாத்துட்டு மனுஷன் ஆடிப்போயிட்டாரு. நம்ம தேடிக்கிட்டிருந்த நடிகன் இங்க ராத்திரி பூரா ஆடிக்கிட்டிருக்கானே, நம்ம படிச்சவங்க அத ஏதோ திருவிழா பொழுதுபோக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கோமேன்னு அதப்பத்தியே எழுதிக்கிட்டும் பேசிக்கிட்டும் திரிஞ்சாரு. 1977-ல கூத்துப்பட்டறை ஆரம்பிக்குது. பேர்லயே கூத்து முன்னால நிக்குது பாருங்க.

அதே 1977-ல இன்னொன்னும் நடந்துச்சு, திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்துல பெரிய நாடகப் பட்டறை. அத நடத்துனதுல முக்கியமானவரு சே.ராமானுஜம். டெல்லி நேஷனல் ஸ்கூல் ஆஃப் டிராமாவுல அல்காசி இயக்குநரா இருந்த காலத்துல படிச்சவரு, பின்னால தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துல நாடகம் சொல்லிக்கொடுத்தாரு. 1980-ல சென்னை பக்கம் சோழமண்டலத்துல வங்காள நாடகக்காரர் பாதல் சர்க்கார் வந்து பட்டறை நடத்துனாரு. ஆக அந்த ரெண்டு மூணு வருஷத்துல தமிழ்நாட்டுல "நடிப்ப சொல்லிக்கொடுக்க முடியும், அதுக்கு பயிற்சின்னு ஒன்னு இருக்கு"ன்ற எண்ணமே பரவுச்சு. முத்துசாமி தனி மரம் இல்ல. ஆனா மத்தவங்க பட்டறைய நடத்தி முடிச்சுட்டு அடுத்த ஊருக்கு போனாங்க, இவரு ஒரே எடத்துல நாப்பது வருஷம் கட மூடாம உக்காந்திருந்தாரு. 2018 அக்டோபர்ல சாகுற வரைக்கும்.

நடிகர் இல்லாதவரு எப்படி வாத்தியார்னு கேட்டீங்க. அவரு "இப்படி அழு, இப்படி சிரி"ன்னு நடிச்சுக் காட்டுற ஆளு இல்ல. யார்கிட்ட என்ன இருக்குன்னு தெரிஞ்சு அவங்கள கூட்டியாந்து வச்சாரு. கூத்து அடவுக்கு, அதாவது ஆட்ட அசைவுக்கு, கூத்துக்காரங்க, சிலம்பத்துக்கு சிலம்பக்காரங்க, யோகா, பாட்டு, குரல் பயிற்சி. காலையில வந்தா உடம்பு வேலை. இது தினமும். ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவி வந்த காலத்துல நடிகனுக்கு மாசச் சம்பளமே கொடுத்து வச்சிருந்தாங்க. தமிழ்நாட்டுல சினிமாவும் இல்லாம, கவர்மெண்டும் இல்லாம, நடிகன் தினமும் பயிற்சி பண்றதுக்கு சம்பளம் வாங்குனது வேற எங்க நடந்துச்சு சொல்லுங்க.

பென்னாகரத்தான்
பெரியவரே நன்றி. இதுதான் வேணும். குரு சோமசுந்தரம் நடிச்ச ஜோக்கர் படம் நம்ம பாப்பிரெட்டிப்பட்டி கதைன்றதால ஊர்ல எல்லாரும் பாத்தோம், மன்னர் மன்னனா அவரு நடக்குற நடையே வேற மாதிரி இருக்கும். எங்க ஊர் மேடைப்பேச்சாளர் ஒருத்தர அப்படியே பாத்தாப்ல இருந்துச்சுன்னு எங்க அப்பா சொன்னாரு. அவரும் கூத்துப்பட்டறையில பல வருஷம் இருந்தவருதானே.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
ஓகே, சம்பளம் கொடுத்த விஷயம் தெரியாது. ஆனா விஜய் சேதுபதி பாயிண்ட் அப்படியே இருக்கு. பாடம் எடுக்காம எப்படி பாடம்?

காவேரிப்பட்டணம்_பெருசு
தம்பி, அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்காரு, கணக்கு வேலை பார்த்துக்கிட்டே அங்க நடிகருங்க பண்றத கவனிச்சேன்னு. தினமும் கண்ணு முன்னால நடக்குற எடத்துல ஒருத்தன் உக்காந்திருந்தா ஒட்டாம போகுமா? எங்க ஊர் பெருமாள் கோயில்ல பூக்கட்டுறவரு மகன் ஒருநாளும் பாட்டு க்ளாஸ் போனதில்ல, எல்லா பாசுரமும் ராகத்தோட பாடுவான். எடம்தான் வாத்தியாரு.

கட்டைவேஷம் (காரிமங்கலம்)
இந்த இழைய ரெண்டு நாளா படிச்சுட்டு எழுதலாமா வேணாமான்னு இருந்தேன், சரி எழுதிடுறேன். எங்க அப்பா கூத்து வாத்தியார். தாத்தாவும் அதான். நான் கிருஷ்ணகிரியில செல்போன் கடையில வேலை, சீசன்ல ஆட போவேன்.

முத்துசாமி ஐயா மேல எனக்கு மரியாதை இருக்கு, அத மொதல்லயே சொல்லிடுறேன். ஆனா ஒரு வருத்தமும் இருக்கு. கூத்துப்பட்டறையில கத்துக்கிட்டேன்னு சொன்னா சினிமாக்காரன் எந்திரிச்சு நின்னு கை குடுக்குறான், கூத்துக்காரன்கிட்ட கத்துக்கிட்டேன்னு சொன்னா "ஓ அந்த பொம்பள வேஷம் போடுவாங்களே அதுவா"ன்னு கேக்குறான். ரெண்டும் ஒரே அடவுதான் சார். ஒன்னு விருகம்பாக்கத்துல ஆடுது, இன்னொன்னு திரௌபதியம்மன் கோயில் முன்னால ஆடுது.

அப்பா எப்படி சொல்லிக்கொடுப்பாருன்னு சொல்றேன், பென்னாகரத்தான் க்ளாஸ்ல என்ன நடக்கும்னு கேட்டதுக்கு இது பதிலா இருக்கும். எங்க பக்கம் பல கிராமத்துல ஊர்க்காரங்களே ஆடுவாங்க, தொழில்முறை செட்டு வேற, இது வேற. ஊர்ல பேசி முடிவு பண்ணி வீட்டுக்கு இவ்ளோன்னு வரி போட்டு வாத்தியாருக்கு வெத்தலை பாக்கு வச்சு கூட்டிட்டு போவாங்க. அறுப்பு முடிஞ்ச காலம், ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு கோயில் களத்துக்கு வந்து சேர ஒன்பது மணி ஆயிடும். வர்றவன் யாருன்னு பாத்தா ட்ராக்டர் ஓட்டுறவன், தக்காளி மண்டியில மூட்டை தூக்குறவன், பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயிட்டு அதுக்குன்னே லீவு போட்டு வந்தவன். எல்லாருக்கும் அர்ஜுனன் வேஷம் வேணும். இல்லன்னா துரியோதனன். எவனும் நகுலன் கேக்க மாட்டான் 😂

அப்பா யாருக்கும் வேஷம் சொல்ல மாட்டாரு. மொத மாசம் வசனமே கிடையாது, பாட்டும் கிடையாது. காலு மட்டும்தான். மிருதங்கம் கூட இருக்காது, கையில ஒரு குச்சிய வச்சு பலகையில தட்டுவாரு, "தித்தித்தை, தித்தித்தை"ன்னு சொல்லுவாரு, எல்லாரும் சுத்தி வரணும். அப்பறம் கிறிக்கி, அதாவது சுத்துறது. நின்ன எடத்துல இருந்து வட்டமா போயிக்கிட்டே தானும் சுத்தணும். மொத நாள் பாதிப்பேரு வாந்தி எடுப்பான். கொஞ்சம் நெதானம் வந்த பின்னால செங்கல்ல துண்டுல சுத்தி தலையில கட்டி விட்டு சுத்தச் சொல்லுவாரு, ஏன்னா கிரீடம் வச்சா அந்த கனம் இருக்கும். புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்துல செஞ்சதுதான், லேசான மரம், ஆனா கண்ணாடி, ஜிகினா எல்லாம் ஒட்டி, விடிய விடிய சுமந்து ஆடுனா கழுத்து போயிடும். செங்கல்லு விழுந்துச்சுன்னா அப்பா திட்ட மாட்டாரு, எடுத்து கட்டி விட்டுட்டு குச்சிய தட்ட ஆரம்பிச்சுடுவாரு. அந்த அமைதிதான் திட்டுறதவிட மோசம்.

குரலுக்கு என்ன பண்ணுவாருன்னா, விடிகாலையில கெணத்துல கழுத்தளவு தண்ணியில நின்னு விருத்தம் இழுக்கணும். மைக் வர்றதுக்கு முன்னால கடைசி வரிசையில பாயி போட்டு படுத்திருக்கற கெழவிக்கும் கேக்கணும்ல, அந்தக் காலத்து முறை. இப்ப மைக் வந்தும் அப்பா விடல.

ரெண்டாவது மாசம்தான் ஏடு, அதாவது கூத்தோட பாட்டும் வசனமும். படிக்கத் தெரியாதவனுக்கு வாயால சொல்லி சொல்லி ஏத்துவாரு. அதுக்குள்ள அவரு கண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், எவன் நடை ராஜா நடை, எவன் முழிச்சா ஜனம் சிரிக்கும்னு. சிரிக்க வைக்கிறவன் கட்டியங்காரன். அவன்தான் இருக்கறதுலயே கஷ்டமான வேஷம், ராத்திரி பூரா திரைக்கு முன்னால நிக்கணும், ஊர்ல நடக்கற அரசியல் எல்லாம் அவன் வாயிலதான் வரணும்.

இதுல அப்பா "நடிப்பு"ன்னு தனியா எதையும் சொல்லிக்கொடுத்து நான் பாத்ததில்ல. ஆனா துரியோதனன் சாகுற படுகளத்தன்னைக்கு போயி பாருங்க, மண்ணுல அம்மாம்பெரிய துரியோதனன் படுத்திருப்பான், அவன் தொடையில பீமன் அடிக்கிறப்போ அந்த மண்டி மூட்டை தூக்குற பையன் மூஞ்சிய பாத்தா நமக்கு நெஞ்சு அடைக்கும்.

மாங்கூழ்_மன்னன்
பாப்கார்ன கீழ வச்சுட்டேன் தலைவா.

அரூர்_டீச்சர்
கட்டைவேஷம் தம்பி, நீங்க எழுதுனத என் ஒன்பதாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு படிச்சுக் காட்டப் போறேன், சரிதானே?

வாத்தியார்னு பேச்சு வந்தா சங்கரதாஸ் சுவாமிகள விட்டுட்டு பேசுறது பாவம். 1867-ல தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில பொறந்தவரு. அவரு ஆரம்பத்துல நடிகர், ராவணன், எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கரமான வேஷம்தான் கட்டுவாரு. வேஷத்துல அவரப் பாத்து பயந்து ஒரு அம்மாவுக்கு கரு கலைஞ்சு போச்சு, அதுலருந்து வேஷம் கட்டறதையே விட்டுட்டாருன்னு ஒரு கதை வழிவழியா சொல்றாங்க. அப்பறம் அவரு வேலை ரெண்டு, நாடகம் எழுதுறது, பிள்ளைங்களுக்கு பயிற்சி கொடுக்கறது. 1918-ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைய ஆரம்பிச்சாரு. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்க சேர்ந்தவங்கதான், அதுல ஒருத்தரான ஔவை சண்முகத்துக்கு அப்ப ஆறு வயசு! அந்தப் பொடியன் அபிமன்யுவா நடிக்கிறதுக்காக ஒரே ராத்திரியில உக்காந்து பாட்டு வசனத்தோட முழு நாடகத்தையும் எழுதி முடிச்சாருன்னு சண்முகம் தன் வாழ்க்கை வரலாறுல எழுதியிருக்காரு.

கடைசியில பக்கவாதம் வந்து கைகால் விழுந்து பேச்சும் போச்சு. வாத்தியாருக்கு வாய் போறதவிட பெரிய கொடுமை உண்டா? அப்பவும் கம்பெனியோடவே ஊர் ஊரா போனாரு. 1922-ல பாண்டிச்சேரியில இறந்தாரு, சமாதி அங்க கருவடிக்குப்பத்துல இருக்கு. அவருக்கப்பறம் சின்னப் பசங்கள வச்சு நாடகம் போடுற பாய்ஸ் கம்பெனின்ற அமைப்புலருந்துதான் தமிழ் சினிமாவுக்கே நடிகருங்க வந்தாங்க. எம்.ஜி.ஆர், சிவாஜி ரெண்டு பேருமே சின்ன வயசுல பாய்ஸ் கம்பெனியில இருந்தவங்க. 2019 நடிகர் சங்க எலெக்‌ஷன்ல அவரு பேர்ல ஒரு அணியே நின்னுச்சு, ஆனா அந்த அணியில எத்தன பேரு அவரோட ஒரு நாடகத்தையாவது படிச்சிருப்பாங்கன்னு கேட்டா... சரி விடுங்க, எலெக்‌ஷன் பேச்சு வேணாம்.

ஒன்னு மட்டும் சொல்லணும், பாய்ஸ் கம்பெனிய ரொம்ப கொண்டாடவும் முடியாது. சின்னப் பிள்ளைங்க, பள்ளிக்கூடம் கிடையாது, அடி உதை, ஊர் ஊரா அலைச்சல். டீச்சரா அத என்னால ரசிக்க முடியல. பெரிய நடிகருங்க வந்தாங்கன்றதுக்காக அந்தப் பிள்ளைங்க பட்ட அடி நியாயம் ஆயிடாது.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
டீச்சர் கடைசி பாராவுக்கு சல்யூட். இந்த "வாத்தியார் அடிச்சாரு அதனாலதான் நான் இன்னைக்கு"ன்ற டயலாக் கேட்டாலே எரிச்சல் வரும்.

கட்டைவேஷம் ப்ரோ, உங்க போஸ்ட் படிச்ச பின்னால எனக்கு ஒரு விஷயம் ஓடுது. நான் கொஞ்சம் வெளிநாட்டு நடிப்பு வாத்தியாருங்கள பத்தி வீடியோ பாக்குற ஆளு. ரஷ்யாவுல ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, 1898-ல மாஸ்கோ ஆர்ட் தியேட்டர ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரு. அவரு முதல்ல சொன்னது, நடிகன் தன் சொந்த வாழ்க்கையில பட்ட உணர்ச்சிய ஞாபகப்படுத்தி அத மேடைக்கு கொண்டு வரணும்னு. அமெரிக்காவுல லீ ஸ்ட்ராஸ்பெர்க் அத புடிச்சுக்கிட்டாரு. அதுதான் மெத்தட் ஆக்டிங்னு நம்ம யூடியூப் விமர்சகருங்க எல்லா படத்துக்கும் சொல்றது. ஆனா ஸ்டெல்லா ஆட்லர் 1934-ல பாரிஸ்ல ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேர்ல பாத்து பேசிட்டு திரும்பி வந்து "அவரே இப்ப அத அவ்ளோ வலியுறுத்தல, கதாபாத்திரம் இருக்கற சூழ்நிலையும் செய்யுற செயலும்தான் முக்கியம்ன்றாரு"ன்னு சொல்ல ரெண்டு பேருக்கும் சண்ட. கடைசி காலத்துல ஸ்டானிஸ்லாவ்ஸ்கி உடம்போட செயல்லருந்து ஆரம்பி, உணர்ச்சி பின்னால தானா வரும்ன்ற பக்கம் வந்துட்டாரு.

அதத்தானே உங்க அப்பா பலகையில குச்சி தட்டி பண்றாரு? மொத மாசம் காலு, அப்பறம் குரலு, கடைசியில வசனம். மூஞ்சி தானா வருது.

கட்டைவேஷம் (காரிமங்கலம்)
அண்ணா நீங்க சொன்ன ரஷ்யாக்காரர் பேர அப்பாகிட்ட சொன்னேன், அவரால சொல்ல முடியல, ஆனா விஷயத்த கேட்டுட்டு "அவரு என்ன வேஷம் கட்டுவாரு"ன்னு கேட்டாரு. நடிகரும்தான், வாத்தியாரும்தான்னு சொன்னேன். "அப்ப சரி"ன்னாரு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்குண்ணா. சொந்தக் கஷ்டத்த நெனச்சு அழறதுன்றது எங்ககிட்ட கிடையாது. துகில் உரியற கட்டத்துல திரௌபதி வேஷக்காரனுக்கு அருள் வந்துடும், துச்சாசனனுக்கும் வரும். முன்னாலயே கற்பூரம் ஏத்தி சாமி கும்பிட்டுட்டுதான் அந்த கட்டத்துக்கு போவாங்க, பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சு நிப்பாங்க. அப்பா அந்த நேரத்துல பின்பாட்டுக்காரங்க பக்கத்துல வந்து நின்னுக்குவாரு. தாளம் மட்டும் விடாதன்னு சொல்லுவாரு. ஆளு எவ்ளோ மெய்மறந்தாலும் காலு தாளத்துல நின்னா ஒன்னும் ஆகாது, தாளம் போச்சுன்னா அடிபட்டுடும். மொத மாசம் பூரா காலுக்கே போறதுக்கு காரணம் அதான்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் வெளங்குச்சு.

ஊத்தங்கரை_மகி
எல்லாம் சூப்பரா பேசுறீங்க, ஒருத்தராவது பொண்ணுங்கள பத்தி பேசுவீங்கன்னு பாத்தேன். நான் சின்ன வயசுல எங்க ஊர் களத்துல கூத்து ஒத்திகை நடக்குறப்போ ஓரமா நின்னு எல்லா அடவும் வீட்டு மாடியில போட்டுப் பாப்பேன். கேட்டா "பொண்ணுக்கு எதுக்கு சலங்கை"ன்னுட்டாங்க. திரௌபதி, சுபத்திரை, பொன்னுருவி எல்லாரும் ஆம்பளைங்க. திரௌபதியம்மனுக்கு திருவிழா, அதுல பொண்ணுக்கு வேலை பொங்கல் வைக்கிறது மட்டும்.

கூத்துப்பட்டறையோட பெரிய விஷயம்னு நான் நெனைக்கறது கலைராணி மாதிரி நடிகைங்க. அதே கூத்து அடவு, அதே உடல் பயிற்சி, ஆனா பொண்ணும் பையனும் ஒரே தரையில வேர்வ சிந்தி பயிற்சி எடுத்தாங்க. சினிமாவுல அவங்க சின்ன ரோல் பண்ணாலும் அந்த எடத்துல ஒரு கனம் இருக்கும், கவனிச்சுப் பாருங்க. முத்துசாமி கூத்துலருந்து எடுத்துக்கிட்டாருன்னு கட்டைவேஷம் வருத்தப்படுறாரு, நியாயம். ஆனா எடுத்துட்டு போயி எங்களுக்கும் கதவ தொறந்து விட்டாருல்ல? உங்க அப்பா தொறக்கலையே தம்பி.

கட்டைவேஷம் (காரிமங்கலம்)
அக்கா, பதில் இல்ல என்கிட்ட. உண்மைதான். இப்ப சில செட்டுல பொண்ணுங்க ஆடுறாங்க, ஆனா எங்க பக்கம் ஊர்க்கூத்துல இன்னும் வரல. அப்பாகிட்ட கேட்டா "ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க"ன்றாரு, ஊர்ல கேட்டா "வாத்தியார் ஒத்துக்க மாட்டாரு"ன்றாங்க.

ஊத்தங்கரை_மகி
அது எல்லா ஊர்லயும் சொல்ற பதில்தான் 🙂 நேர்மையா சொன்னதுக்கு நன்றி.

காவேரிப்பட்டணம்_பெருசு
மகி அம்மா நல்லா கேட்டீங்க.

கட்டைவேஷம் தம்பியோட வருத்தத்துக்கு ஒரு வார்த்தை. முத்துசாமி கூத்த எடுத்துக்கிட்டு கூத்துக்காரன மறைச்சவரு இல்ல. கண்ணப்ப தம்பிரான் பேர சென்னை எழுத்தாளருங்க மத்தியில கொண்டு போனதே அவருதான், போன எடமெல்லாம் சொன்னாரு. புரிசைக்காரங்க அதுக்கப்பறம் ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்டோட நாடகத்தையே கூத்தா போட்டாங்க, வெளிநாடு போனாங்க, தம்பிரான் நினைவா புரிசையில வருஷா வருஷம் கூத்து விழாவும் நடத்துறாங்க. அதெல்லாம் இந்த சேர்க்கையால கெடச்ச லாபம்.

ஆனா லாபம் புரிசையோட நின்னு போச்சு. நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எத்தன வாத்தியாருங்க, எத்தன பாணி, ஓசூர் தாண்டினா தெலுங்குலயும் கன்னடத்துலயும் ஆட்டம் நடக்குது, இதுக்கெல்லாம் ஒரு முத்துசாமி வரல. மாசியில ஆரம்பிச்சு வைகாசி வரைக்கும் எந்தப் பக்கம் திரும்புனாலும் பாரதம் படிக்கிறாங்க, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுறான். பேப்பர்ல "பக்தர்கள் திரண்டனர்"னு போடுறான், மரம் ஏறுனவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு ஒரு வரி போட மாட்டேங்குறான். அவன் மரத்து மேல நின்னுக்கிட்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு பாடி எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசறான், பிள்ளை இல்லாதவங்க மடியேந்தி நிக்கிறாங்க, அவ்ளோ உயரத்துல மூச்சு வாங்காம பாடுறதுக்கு என்ன பயிற்சி வேணும்? அந்த வாத்தியார் செத்தா அதுவும் போச்சு. ஏட்டுல பாட்டு இருக்கும், மூச்ச எங்க புடிக்கணும்னு ஏட்டுல இருக்காது.

அரூர்_டீச்சர்
சார் இதத்தான் நானும் சொல்ல வந்தேன். சுவாமிகளோட பாட்டெல்லாம் அச்சுல இருக்கு, ஆனா அந்தப் பொடியனுங்கள எப்படி நிக்க வச்சு எப்படி பாட வச்சாருன்றது சண்முகம் மாதிரி ஒருத்தர் உக்காந்து எழுதுனதாலதான் நமக்கு கொஞ்சமாவது தெரியுது. முத்துசாமிக்கும் அதான் நடக்குது, நாடகம் புஸ்தகமா இருக்கு, காலையில அந்தத் தரையில என்ன நடந்துச்சுன்றது அங்க இருந்தவங்க உடம்புலதான் இருக்கு. பசுபதி சார்பட்டா படத்துல ரங்கன் வாத்தியாரா சைக்கிள்ல உக்காந்து போறப்போ முதுக நிமிர்த்தி வச்சிருப்பாரே, அந்த முதுக யார் கொடுத்தா?

மாங்கூழ்_மன்னன்
டீச்சர் ரங்கன் வாத்தியாருன்னு சொன்னதும் எனக்கு சைக்கிள் மிதிக்கற கபிலனுக்குப் பின்னாடி அவரு உக்காந்திருக்கறதுதான் ஞாபகம் வருது. மீம் போட்டே தேச்சுட்டானுங்க.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
சரி நான் இப்ப கட்சி மாறிட்டேன்னு வச்சுக்கோங்க, பாதி. விஜய் சேதுபதிய வச்சு விளம்பரம் பண்றது இன்னும் எனக்கு ஒப்பல. ஆனா தினமும் வேலை நடக்குற ஒரு தரைய நாப்பது வருஷம் காப்பாத்துனது சாதாரண விஷயம் இல்லன்னு ஒத்துக்கறேன். மூணு மாச கோர்ஸ்ல போட்டோஷூட் ஃப்ரீன்றவன் மூணு வருஷம் கழிச்சு அங்கயே இருப்பானான்னு தெரியாது.

பென்னாகரத்தான் ப்ரோ, உங்க சித்தி பையன் கதை என்ன ஆச்சு?

பென்னாகரத்தான்
இழை முழுக்க அவனுக்கு அனுப்பிச்சேன். மொதல்ல "அண்ணா எனக்கு சினிமா வேணும், கூத்து வேணாம்"னான். அப்பறம் செங்கல் மேட்டர படிச்சுட்டு வீட்ல துண்டுல செங்கல்ல கட்டி சுத்தியிருக்கான், டிவி ஸ்டாண்ட் மேல விழுந்து சித்திகிட்ட நல்லா வாங்கியிருக்கான். இப்ப கட்டைவேஷம் அண்ணன் நம்பர் கேக்குறான். நம்பர் இங்க போட வேணாம், தனி மெசேஜ்ல அனுப்புங்க. அப்பா இந்த வருஷம் எந்த ஊர்ல பழக்குறாரு? வெளியூர் பையன சேத்துக்குவாங்களா?

கட்டைவேஷம் (காரிமங்கலம்)
மெசேஜ் பண்ணிட்டேன். தை கடைசியில ஆரம்பம், காரிமங்கலத்துலருந்து பாலக்கோடு போற வழியில ஒரு ஊரு. ஊர்க்கூத்துல வெளியூர் ஆளுக்கு வேஷம் தர மாட்டாங்க, அத இப்பவே சொல்லிடுறேன், வரி கட்டுற வீட்டுப் பசங்களுக்குத்தான் வேஷம். ஆனா பழகறதுக்கு யார் வேணா வரலாம், அப்பா யாரையும் போன்னு சொன்னதில்ல. பணம் எதுவும் வேணாம். ராத்திரி பஸ் இருக்காது, எங்க வீட்லயே படுத்துக்கட்டும். ஷூ சாக்ஸ் எல்லாம் போட்டுட்டு வர வேணாம்னு சொல்லுங்க, களத்துல வெறுங்காலுதான்.

மகி அக்கா, நீங்களும் ஒருநாள் வாங்க, அப்பாகிட்ட நேராவே கேளுங்க. நான் கேட்டா மழுப்புறாரு, உங்ககிட்ட மழுப்ப முடியாது.

ஊத்தங்கரை_மகி
வர்றேன். சலங்கையோட வர்றேன் 😤

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
ப்ரோ நானும் ஒரு வீக்கெண்ட் வரலாமா? ஆட இல்ல, கேமரா இருக்கு. பெரியவரு சொன்ன மாதிரி வாத்தியார் சொல்லிக்கொடுக்கறத மொத நாள்லருந்து அப்படியே எடுத்து வைக்கலாம்னு. எடிட் எல்லாம் பண்ணாம முழுசா. அப்பா ஒத்துக்குவாரா?

கட்டைவேஷம் (காரிமங்கலம்)
கேட்டேண்ணா. தாராளமா எடுக்கட்டும்னாரு. "ஆனா மொத மாசம் எடுத்து என்ன பண்ணப் போறாரு, எல்லாரும் விழுந்துகிட்டேதான இருப்பானுங்க"ன்னாரு.

ஓசூர்_நைட்ஷிஃப்ட்
அதத்தான் எடுக்கணும்னு சொல்லுங்க.

காவேரிப்பட்டணம்_பெருசு
தம்பி மெமரி கார்டு செலவு என்னுது. ட்ரைபாட் கொண்டு வாங்க, களத்துல கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது, பேட்டரி லைட்டும் ஒன்னு வச்சுக்கோங்க.